விசித்திரசித்தன் – ஒரு மறுமதிப்பீடு

ஸ்ரீராம்புரத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் புலிகேசி நன்கு பழகிய பெயர். பள்ளிப் பாடத்தில் அவன் மாவீரன். இந்நகரின் பிரேசர் டவுனுக்கும் புலிகேசி நகர் என்றே பெயர். வீட்டிலோ ‘சிவகாமியின் சபதம்’ படித்த தாய்மார் மகேந்திர பல்லவனைப் போற்றுவர். ஒருநாள் என் மகள், “அப்பா, நம்ம ராஜா கோட்டைக்குள்ளே ஒளிஞ்சுக்கிட்டாராமே?” என்று கேட்டாள். உடனே விடை கூற எனக்கு இயலவில்லை.

அவ்வினாவுக்கு மூலம் ஐகொளெக் கல்வெட்டு. கி.பி. 634-இல் இரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர் இயற்றியது. புலிகேசியின் படை எழுப்பிய புழுதியில் ஒளி மங்கிப் பல்லவர்கோன் காஞ்சி மதிலுக்குள் மறைந்தான் என்பது அதன் கூற்று. தன் அரசனைப் பாடிய புலவர் வேறு எவ்வாறு பாடுவார்? பல்லவர்தம் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது. காஞ்சி வீழவில்லை என்ற அளவில் இரண்டும் முரண்படவில்லை.

இரண்டாவது பழி இதனினும் கொடிது. அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டு, கல்லோடு பிணைத்துக் கடலில் எறிந்து, பின் மனம் மாறிச் சமணப் பள்ளியை இடித்துச் சிவன்கோயில் எடுத்த பல்லவனைப் பெரியபுராணம் காட்டுகிறது. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டினர். ஐந்நூறு ஆண்டு பிற்பட்டவர். அக்கோயிலுக்கு அவர் தரும் பெயர் குணதரவீச்சரம். அதனைக் குணபரன் என்ற பட்டத்தோடு இணைத்தே மன்னன் மகேந்திரன் என்று ஆராய்ச்சியாளர் துணிந்தனர். சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டில் குணபரன் என்ற பெயரும், அவன் வேற்று நெறியினின்று திரும்பிய குறிப்பும் உள்ளமையால் அத்துணிபை எளிதில் தள்ள இயலாது.

எகிப்தில் கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் அக்கநாத்தன் என்ற வேந்தன் பழந்தெய்வங்களை விலக்கிக் கதிர்வட்டத்தை மட்டும் தொழுதான்; பின்வந்தோர் அவன் பெயரைச் சுரண்டி அழித்தனர். மகேந்திரனுக்கு அக்கதி நேரவில்லை. அவன் சொல் கல்லிலும் ஏட்டிலும் அப்படியே இருக்கிறது. இருந்தும் பிறர் சொல்லைக் கேட்டே அவனை எடைபோடுகிறோம்.

மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி, அயன், அரன், அரி மூவருக்கும் ஒரே குகைக்கோயில் குடைவித்தான். அங்கே தன்னை விசித்திரசித்தன் என்று அவனே பொறித்துக்கொண்டான்.

அவன் வடமொழியில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ 1917-இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. காஞ்சியில் கள்ளுண்டு மயங்கிய காபாலிகன் தன் கபாலத்தை இழக்கிறான். பௌத்தத் துறவியே திருடினான் என்று சண்டையிடுகிறான். பாசுபதன் ஒருவன் நடுவராக வந்து வழக்கை மேலும் குழப்புகிறான். உண்மையில் அதிலிருந்த இறைச்சிக்காக நாய் அதைக் கௌவிச் சென்றது. அதனிடமிருந்து பித்தன் ஒருவன் பறித்து வைத்திருக்கிறான்.

காபாலிகனும் பாசுபதனும் சிவநெறியினர் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். சமணம் விட்டுச் சைவம் புகுந்த வேகத்தில் எழுதியிருந்தால், முதலில் மேடையேறி நகைப்புக்கு உள்ளாகியிருப்பவன் சமணன். சமணர்க்குக் கிடைப்பது குடிகாரன் வாயிலிருந்து வரும் வசை மட்டுமே. இன்னுமொன்று: பௌத்தனிடம் மடத்துப் பொருள் உண்டு, அதனால் நீதிமன்றத்தாரின் வாயை அடைத்துவிடுவான், ஏழைக்கு அது ஆகுமா என்று காபாலிகன் துணைவி முறையிடுகிறாள். தன் நீதிமன்றத்தைப் பற்றித் தன் நாடகத்திலேயே இவ்வாறு பேசவைத்த அரசர் எத்தனை பேர்? இருபது ஆண்டு அரசுக் கோப்புகளோடு வாழ்ந்த எனக்கு அவ்விடத்தில் சிரிப்பும் வந்தது, சற்றே அச்சமும் வந்தது.

சித்தன்னவாசல் ஓவியத்தையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் அவனுடையன என்று முன்னர் எழுதினர். இன்று அவை ஐயத்திற்குரியன. அவற்றை நீக்கியும் அவன் சிறுத்துவிடவில்லை. ஆயினும் அப்பரைத் துன்புறுத்தியவன் அவனே எனில், நாடகம் எழுதியதால் அக்குற்றம் நீங்காது.

மகளுக்கு இவ்வளவையும் சொன்னேன். நாய் கபாலத்தைத் தூக்கிச் சென்ற இடத்தை இருமுறை சொல்லக் கேட்டாள்.