வளர்ப்பறைக் கதவும் இருட்டின் அளவும்

மின்விளக்கொளியில் அறைக்குள் பயிர் வளர்ப்போர், கதவைச் சுற்றியுள்ள இடுக்குகளை அடைத்து வெளியொளி உட்புகாமல் தடுப்பதைத் தம் முதல் வேலைகளுள் ஒன்றாகக் கொள்கின்றனர். குறும்பகல் தாவரங்களைப் பொறுத்தவரை இவ்வழக்கத்துக்கு உறுதியான தாவரவியல் அடிப்படை உண்டு. ஆயினும், எல்லா இடுக்குகளையும் ஒரே அளவு ஆபத்தாக எண்ணி, ரப்பர், நுரை, ஒட்டுநாடா ஆகியவற்றால் காற்றும் நுழையாதபடி கதவை மூடிவிடும் நடைமுறை, அந்த அடிப்படை கோருவதைவிட மிகுதியாகச் செய்து, தேவையற்ற கேடுகளையும் வருவித்துக்கொள்கிறது.

குறும்பகல் தாவரம் என்பது, பகல் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்து இரவு நீளும்போது பூக்கும் தாவரமாகும். செவ்வந்தியும், கிறிஸ்துமஸ் காலத்தில் சிவந்த மேலிலைகளுடன் விற்பனைக்கு வரும் பாயின்செட்டியாவும் இவ்வகையின. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும் மேரிலாந்து மாமத் என்னும் புகையிலை வகையையும் சோயா மொச்சையையும் இருட்டறைக்குள் வைத்தெடுத்து, பூக்கும் காலத்தைப் பகலின் நீளம் ஆள்வதை 1920இல் வெளியிட்டனர். 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியில் செய்த சோதனைகள், செடி உண்மையில் அளப்பது பகலை அன்று, இடையறாத இரவையே என்று காட்டின. ஏறத்தாழ எட்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒரே ஓர் இரவு கிடைத்தாலே பூத்துவிடும் அச்செடி, நீண்ட இரவின் நடுவில் ஒரு நிமிட வெளிச்சம் பட்டாலும் பூக்க மறுத்தது. இலைகளில் உள்ள பைட்டோகுரோம் என்னும் ஒளியுணர் நிறமி, 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பொளியை உறிஞ்சி வடிவம் மாறுவதே இதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் செவ்வந்தி வயல்களில் இரவில் பல்புகளை எரியவிட்டுப் பூப்பைத் தள்ளிப்போடும் உழவர்கள் வேண்டியே செய்வதும், வளர்ப்பறைக் கதவின் இடுக்கு வேண்டாமலே செய்யக்கூடியதும் ஒரே வினைதான்.

ஆகவே அடைப்பதன் நியாயத்தை மறுப்பதற்கில்லை. பூப்பதற்கான முடிவை எடுப்பது மொட்டு அன்று, இலை. எனவே செடியின் ஒரு பகுதியில் மட்டும் விழும் கசிவொளியும் பொருட்படுத்தத்தக்கதே. கதவருகே உள்ள செடிகள் மட்டும் பிந்திப் பூப்பது, ஒரே நாளில் அறுவடை செய்ய நினைக்கும் வளர்ப்பாளருக்குப் பேரிழப்பாகும். தக்காளி போன்ற பகல் நடுநிலைத் தாவரங்களுக்கு, அதாவது பகலின் நீளத்தைப் பெரிதும் பொருட்படுத்தாமல் பூப்பனவற்றுக்கு, இந்த உழைப்பு பெரும்பாலும் வீண் என்பதை மட்டும் இங்கே சொல்லி நகரலாம்.

அப்படியானால் எவ்வளவு இருட்டு வேண்டும் என்பதே உரிய வினாவாகும். நடைமுறை இவ்வினாவைக் கேட்பதே இல்லை; முழு இருட்டு என்ற ஒன்றையே இலக்காக வைத்துவிடுகிறது. முழுநிலவின் ஒளி தரையில் 0.1 முதல் 0.3 லக்ஸ் வரைதான். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மீது விழும் ஒளியை மனிதக் கண்ணின் உணர்வுக்கேற்ப அளக்கும் அலகு. குறும்பகல் தாவரங்கள் நிலவின் கீழேதான் காலங்காலமாகப் பூத்து வந்திருக்கின்றன. வணிகப் பசுமைக்குடில்களில் செவ்வந்திக்குக் கருந்துணி போர்த்தும்போது, துணியின்கீழ் ஏறத்தாழ 20 லக்ஸுக்கு மேல் ஒளி இருத்தலாகாது என்பது வழங்கிவரும் வழிகாட்டு அளவாகும். இவ்விரண்டுக்கும் நடுவே பரந்த இடைவெளி இருக்கிறது. எச்சரிக்கை மிகுந்த வளர்ப்பாளர் நிலவொளியையே தம் எல்லையாகக் கொண்டாலும், அந்த எல்லை சுழி அன்று.

இந்த அளவுகளைக் கதவின்மேல் வைத்துப் பார்த்தால் சிக்கலின் உருவமே மாறுகிறது. 90 செ.மீ. அகலமுள்ள கதவின் அடியில் 3 மி.மீ. இடுக்கு இருப்பதாகவும், வெளியே 200 லக்ஸ் அளவில் விளக்கெரியும் தாழ்வாரம் இருப்பதாகவும் கொண்டால், அவ்விடுக்கின் வழியே ஒரு மீட்டர் தொலைவிலுள்ள இலைக்குக் கிட்டக்கூடிய ஒளி, இலை இடுக்கை நேராக நோக்கியிருந்தாலும், தோராயக் கணக்கில் 0.1 லக்ஸ்தான். அதே கதவு வெயில் காயும் முற்றத்துக்குத் திறப்பதாயின், வெயில்பட்ட தரையிலிருந்து திரும்பும் ஒளி மட்டுமே அதே இலைக்கு இருபது லக்ஸுக்கு மேல் தரக்கூடும். கதிர் நேராக நுழைந்தால் அது விழும் கீற்றில் ஒளி பன்மடங்காகும். இடுக்கின் அளவு இரண்டிலும் ஒன்றே. கேட்டைத் தீர்மானிப்பது கதவுக்கு அப்பால் உள்ள வெளிச்சம். தாழ்வாரத்துக் கதவைச் சுற்றி நுரைப்பட்டை ஒட்டுவதில் செலவாகும் உழைப்பைவிட, அறையின் இரவுநேரத்தில் தாழ்வார விளக்கை அணைத்துவைக்கும் ஒழுங்கு எளிதும் உறுதியுமானது என்பது இதிலிருந்து புலப்படும்.

கசிவைக் கண்டறியக் கையாளப்படும் முறையிலும் குறை உண்டு. விளக்குகளை அணைத்து அறைக்குள் சிறிது நேரம் நின்று, கண்ணுக்கு எங்கேனும் கீற்றுத் தெரிகிறதா என்று பார்ப்பதே பரவலான சோதனை. இதற்குச் செலவில்லை, இடுக்கு இருக்குமிடத்தையும் துல்லியமாகக் காட்டிவிடும். ஆனால் அதன் ஆபத்தை மதிப்பிட இச்சோதனையால் இயலாது. இருட்டுக்குப் பழகிய கண், நிலவொளியைவிடப் பல்லாயிரம் மடங்கு மங்கிய ஒளியையும் காணவல்லது. ஆகவே செடிக்கு ஒரு தீங்கும் செய்யாத கீற்றுகூடப் பெருங்குறையாகத் தோன்றும். அதே வேளையில், மங்கிய ஒளியில் இயங்கும் விழிக்கோல் உயிரணுக்கள் பச்சையும் நீலமும் கலந்த ஒளிக்கே மிகக் கூர்மையானவை. சிவப்பு அவற்றை ஏறத்தாழத் தூண்டுவதே இல்லை. பைட்டோகுரோமோ சிவப்பையே மிகுதியாக உணர்கிறது. கதவோரத்தில் கவலையைக் குவித்துவிட்டு, செடியை ஒட்டியே தொங்கும் டைமரின் சிவப்பு எல்.இ.டி. புள்ளியைப் பொருட்படுத்தாமல் விடும் பழக்கம் இந்தக் கண்சோதனையால் வளர்வது.

எல்லாவற்றிலும் கவலை தருவது காற்று. எக்ஸாஸ்ட் ஃபேன் உள்காற்றை வெளியேற்றும்போது, அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். தனி உள்வழி அமைக்கப்படாத சிறு அறைகளில் அந்த வழி பெரும்பாலும் கதவின் இடுக்குகளே. அவற்றை அடைத்ததும் ஃபேன் சுழன்றாலும் காற்றோட்டம் குன்றுகிறது. விளக்கணைந்ததும் வெப்பநிலை இறங்குவதால் காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அவ்வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் உள்ளதன் விகிதம், ஏறுகிறது. செடியும் மண்ணும் ஈரத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. காற்றோட்டம் மிகத் தேவைப்படும் அந்த இருள் நேரத்துக்காகவே கதவு இறுக மூடப்படுவதால், நெருங்கிய பூங்கொத்துகளில் சாம்பல் பூஞ்சணம் பற்ற வாய்ப்புப் பெருகுகிறது. வெப்பமான ஊர்களில் மறுமுனைத் தீங்கும் உண்டு: இரவு வெப்பம் தேங்கினால் செவ்வந்தி பிந்திப் பூக்கும் என்பது கருந்துணிக்கீழ் வளர்ப்போர் நன்கறிந்தது. பூ பிந்தலாகாது என்று செய்த அடைப்பே பூவைப் பிந்தவைக்கும் நிலை இது.

பொருள்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை நுரைப்பட்டை மெல்லியதாயின் ஒளியை ஓரளவு உள்ளே விடும், நாளடைவில் நசுங்கியபடியே நின்றுவிடும்; ஒட்டுநாடா ஈரத்தில் பசை விடும், அவசரத்தில் உள்ளிருப்பவர் கதவைத் திறப்பதற்கும் தடையாகும். கதவடியில் பொருத்தும் பிரஷ் பட்டை இவற்றினும் மேலானது.

ஒளி நேர்கோட்டில் செல்லும், காற்று வளைந்தும் செல்லும். இந்த வேறுபாட்டைப் பயன்கொள்வதே சரியான வழியாகும். கதவின் விளிம்பை மேவி நிலையோடு படிந்து நிற்கும் பட்டை, கதவுக்குப் பின்னே தரைவரை தொங்கும் கனத்த கருந்திரை, இரு திருப்பங்களுடன் உட்புறம் மங்கல் கருமை பூசிய காற்றுவழி ஆகியவை ஒளியைச் சுவரில் மோதவைத்துக் காற்றை விட்டுவிடுகின்றன. நல்ல மங்கல் கருமை தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஐந்து பங்கு அளவே திருப்பியனுப்புமாதலால், இருமுறை மோதிய ஒளி நானூற்றில் ஒரு பங்காகிவிடும். வளர்ப்பறைச் சுவர்களுக்கு ஒளியை மிகுவிக்க வெள்ளை பூசுவது முறையே. கதவின் நிலையிலும் விளிம்பிலும் அதே வெள்ளையைப் பூசுவது பிழை. கதவு வெயிலுக்கே திறக்குமானால், ஒன்றை மூடிய பின்னரே மற்றொன்றைத் திறக்குமாறு இரு கதவுகளுக்கிடையே ஒரு சிற்றிடம் அமைப்பதைத் தவிர நம்பத்தகுந்த தீர்வில்லை. இடமும் பணமும் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மைதான், ஆனால் எந்த ரப்பர் பட்டையாலும் தடுக்க முடியாத கசிவு, அறையின் இரவுநேரத்தின் நடுவே ஆள் நுழையக் கதவைத் திறக்கும்போது பாயும் வெளிச்சம், அந்த ஏற்பாட்டில்தான் தடைபடுகிறது.