இறங்கியது எது?

நம் பாட்டிமார் வாய்மொழியில் 'அடி தள்ளுதல்' என்றொரு வழக்கு உண்டு. மகப்பேற்றாலும் முதுமையாலும் இடுப்பின் அடித்தசைகள் தளர, உள்ளுறுப்புகள் யோனிவாயிலை நோக்கிச் சரியும் நோயை அது குறிக்கும். இன்று தமிழில் அதனைப் பெரும்பாலும் 'கருப்பை இறக்கம்' என்றே எழுதுகின்றோம். கற்றோர் சொல் திருத்தமானது, கல்லாதார் சொல் கொச்சையானது என்பது பொதுவான எண்ணம். இங்கு அவ்வெண்ணம் நிற்குமா? மருத்துவர் இந்நோயை அளக்கும் முறையையே உரைகல்லாகக் கொண்டு நோக்குவோம்.

1972-இல் பேடன், வாக்கர் என்னும் இருவர் வெளியிட்ட முறை, இறக்கத்தைச் சுழியம் முதல் நான்கு வரை தரம் பிரித்தது. எளிய முறைதான், ஆயினும் கண்மதிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். அக்குறையைக் களைய 1996-இல் 'பாப்-கியூ' என்னும் அளவுமுறை வெளிவந்தது. யோனிவாயிலின் சவ்வு விளிம்பே அதற்குச் சுழியம். விளிம்புக்கு உள்ளே இருப்பது கழித்தல்; வெளியே வருவது கூட்டல். முன்சுவரில் இரண்டு, பின்சுவரில் இரண்டு, உச்சியில் இரண்டு என ஆறு புள்ளிகளும், மூன்று நீளங்களும் சென்டிமீட்டரில் குறிக்கப்படும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆறு புள்ளிகளுள் கருப்பைக் கழுத்தைச் சார்ந்தவை உச்சிப் புள்ளிகள் இரண்டே. மிகுதியாகச் சரிவது முன்சுவர். அதனை அடுத்திருப்பது சிறுநீர்ப்பை. பின்சுவரோடு சரிவது மலக்குடல். கருப்பையை அறுவையால் நீக்கிய பெண்ணுக்கும் இந்நோய் வரலாம். 'கருப்பை இறக்கம்' என்று படித்த அவள், 'எனக்குத்தான் கருப்பையே இல்லையே' என்று வாளாவிருந்தால் பிழை யாருடையது?

'அடி தள்ளுதல்' எந்த உறுப்பையும் பெயரிடவில்லை. உணர்வை மட்டும் கூறுகிறது. நோயாளி கூறும் குறிகளுள் 'ஏதோ தள்ளிக்கொண்டு வருகிறது' என்பதே இறக்கத்தோடு மிக நெருங்கி ஒத்துவருவதாக இக்கால ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் அச்சொல்லும் குறையற்றதன்று. குதம் வெளித்தள்ளுதலையும் அது தழுவும்.

அளக்கும்போது எழும் சொற்சிக்கல் இன்னும் பெரிது. அகராதி வழியே சென்றால் சுழியப் புள்ளி 'கன்னிச்சவ்வு' ஆகும். எட்டுப் பிள்ளை பெற்றவளிடம் அச்சொல் நகைப்புக்கோ நாணத்துக்கோ இடமாகும். எஞ்சி நிற்பது விளிம்பே. 'வாயில் விளிம்பு' என்றால் போதும். அடுத்து, நோயாளி மூச்சடக்கி முக்கவேண்டும். 'சிரமப்படுங்கள்' என்றால் அவள் விழிப்பாள். முழுதும் முக்காவிடில் இறக்கம் முழுதும் வெளிப்படாது. ஏட்டில் ஏறும் எண் குறைந்துவிடும். பேற்றறையில் மருத்துவச்சி சொல்லும் 'முக்கு' என்ற சொல்லே இங்குத் துல்லியமான கருவி.

பேராக்கில் இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. பல பேறும் பளு சுமத்தலும் இந்நோய்க்கு ஏதுக்கள். பால் வாளி சுமந்து, லயத்தில் பிள்ளை பெற்ற பெண்கள், தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியபின் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் குடியேறி முதுமை எய்தினர். தமிழறியாத மருத்துவர்முன் அத்தகைய மூதாட்டி நிற்கையில், இடையே மொழிபெயர்ப்பவள் பெரும்பாலும் மகளோ பேத்தியோ ஆவாள். பாட்டியின் சொல்லைப் பேத்தி அறியாவிடில், நோயின் முதற்குறியே அறைக்குள் நுழையாது.

ஆகவே, நோய்க்குப் பொதுப்பெயர் 'அடியிறக்கம்' எனவும், வகைக்கு 'முன்சுவர் இறக்கம்', 'உச்சி இறக்கம்', 'பின்சுவர் இறக்கம்' எனவும் வழங்குவது தகும். கலைச்சொல் ஆக்குவோர் முதலில் நோயுற்றவளின் வாய்ச்சொல்லைக் கேட்க வேண்டும். தமிழாசிரியர்கள் அச்சொற்களைக் கொச்சை என்று ஒதுக்காமல் மாணவர்க்கு எடுத்துரைப்பார்களாக.