பதினோராம் பொருத்தம்

திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது பழைய பஞ்சாங்கத்தின் வேலை. பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர்ப் பொருத்தம் பார்ப்பது புதிய பொறியின் வேலை! கைபேசியிலே ஆடும் விளையாட்டாக அது வந்திருக்கிறது. கணவன் கையில் ஒரு கருவி, மனைவி கையில் மற்றொன்று. பெயர்கள் சீட்டுச் சீட்டாக வருகின்றன. பிடித்ததை வலப்புறம் தள்ளவேண்டும். பிடிக்காததை இடப்புறம் ஒதுக்கவேண்டும். இருவரும் ஒரே பெயரை வலப்புறம் தள்ளினால், "பொருந்திற்று!" என்று அறிவிக்கிறது பொறி. முன்பின் அறியாத ஆட்டக்காரரிடையே ஒத்த சுவையுடையோரைக் கண்டுபிடித்து, அவர் விரும்பியதை இவருக்கும், இவர் விரும்பியதை அவருக்கும் எடுத்து நீட்டும் வகையும் உண்டு.

"விளையாட்டுத்தானே! இதற்கு ஏன் விமர்சனம்?" என்பர் சிலர். பெயர் என்ன, பம்பரமா? ஆடி முடித்து மூலையில் எறிந்துவிட? அழைக்கும் நாவுக்கும் கேட்கும் செவிக்கும் இடையே ஒரு வாழ்நாள் முழுவதும் நடமாடப்போகும் சொல் அல்லவா அது?

இந்தக் காவிரிப் படுகையிலே பெயரின் வரலாறு என்ன? ஆண்டை வீட்டுப் பிள்ளைக்கு 'சாமி' ஒட்டும். அடிமை வீட்டுப் பிள்ளைக்கு ஒட்டாது. கருப்புசாமி ஆண்டையானால், ஏர் பிடிப்பவன் வெறும் கருப்பன்! பெண்ணுக்குப் பின் பெண் பிறந்துவிட்டால் 'போதும்பொண்ணு'. அதற்கும் பிறகு ஒருத்தி வந்தால் 'வேண்டாம்'. பெற்றவர்களின் சலிப்பைச் சுமந்துகொண்டு பள்ளிக்குச் சென்றாள் அந்தச் சிறுமி. வருகைப் பதிவேட்டிலே ஆசிரியர் நாள்தோறும் "வேண்டாம்" என்று அழைக்க, அவள் நாள்தோறும் "உள்ளேன் ஐயா" என்றாள்!

இந்த இழிவை எதிர்த்தே எழுந்தது பெயர்ப் புரட்சி. நாகப்பட்டினத்திலே 1876-இல் பிறந்த வேதாசலம், மறைமலை ஆனார். திருக்கண்ணபுரத்து நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். காட்டூர் இராமையா அன்பழகன் ஆனார். 1929-இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் வாலாகத் தொங்கிய சாதிப் பட்டத்தை வெட்டி எறியச் சொன்னது. பெயரை மாற்றியோர் சுவைக்காகவா மாற்றினர்? சுயமரியாதைக்காக மாற்றினர்.

அந்த அளவுகோலை வைத்து இந்த விளையாட்டை அளந்து பார்ப்போம். பாராட்டத்தக்கது ஒன்று உண்டு. அதை முதலிற் சொல்லுவதே நேர்மை. பெயர் சூட்டும் உரிமை பாட்டனிடம் இருந்தது, சோதிடனிடம் இருந்தது. சுமந்து பெற்றவளிடம் இருந்ததா? இந்த ஆட்டத்திலே அவளுக்கு ஒரு வாக்கு, அவனுக்கு ஒரு வாக்கு. அவள் இடப்புறம் தள்ளிய பெயர் பொருந்தாப் பெயர். அதற்கு மேல்முறையீடு இல்லை. எத்தனை வீடுகளிலே இந்தச் சமத்துவம் இதற்குமுன் இருந்தது?

ஆனால், ஆட்டம் தொடங்குமுன் கேட்கப்படும் கேள்வி என்ன? நம் நாட்டாருக்கென ஆக்கப்பட்ட பெயர்ப் பட்டியல்களிற் பல, முதலிலே மதத்தைக் கேட்கின்றன. அடுத்து நட்சத்திரத்தைக் கேட்கின்றன. கருவி இருபத்தோராம் நூற்றாண்டு. கேள்வி எந்த நூற்றாண்டு?

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 தொடக்க எழுத்துகள். திருவாதிரையின் ஒரு பாதத்துக்கு உரிய எழுத்து 'ங'! தமிழிலே ஙகரத்தில் தொடங்கும் பெயர் ஒன்று காட்டுங்கள்! மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளை எண்ணிச் சொன்ன தொல்காப்பியத்தில் அதற்கு இடமே இல்லை. வடமொழி நெடுங்கணக்கை வானத்து மீன்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அந்தப் பங்கீட்டைத் தமிழ்க் குழந்தையின் நெற்றியில் ஒட்டுவதா? சட்டமோ இவ்வளவு அவசரப்படவில்லை. பிறப்பைப் பதிந்தபின் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமின்றியும், பதினைந்து ஆண்டு வரை கட்டணத்துடனும் வழி உண்டு.

மதக் கேள்வியின் கேட்டைக் காண முத்துப்பேட்டைக்கு வாருங்கள். கோரையாறும் பாமணியாறும் அலையாத்திக் காட்டைத் தழுவிக் கடலோடு கலக்கும் ஊர். ஆற்று நீர் இது, கடல் நீர் இது என்று அங்கே கோடு கிழிக்க முடியுமா? இந்தப் படுகையின் பெயர்களும் அப்படித்தான். பக்கிரிசாமி என்ற பெயர் இப்பக்கத்து ஊர்களிலே எங்கும் உண்டு. 'பக்கிரி' அரபு மொழி தந்தது. 'சாமி' வடமொழி தந்தது. பெயரைத் தாங்கியவனோ நாற்று நடும் தமிழ் உழவன்! இந்துக் குடும்பத்திலே நாகூரான் உண்டு. இசுலாமியக் குடும்பத்திலே அரபுப் பெயரோடு 'கனி' என்றும் 'நாச்சியார்' என்றும் தீந்தமிழ் இணைவதும் உண்டு. பொறியே, பக்கிரிசாமியை எந்தப் பட்டியலில் வைப்பாய்? நாச்சியாரை எந்தப் பெட்டியில் அடைப்பாய்? மக்கள் கலந்து வாழ்ந்து ஆக்கிய பெயரை, முதற்கேள்வியிலேயே இரண்டாகப் பிளந்துவிடுகிறது இந்த ஆட்டம். பிளந்தபின், ஒரே மதத்தார் இருவரை இணைத்து, "உங்கள் சுவை ஒன்று" என்கிறது! வேலியைப் போட்டவர் யார், சுவை யாருடையது?

பொருத்தம் காணும் கணக்கையும் பார்ப்போம். ஒருவர் 40 பெயர்களை விரும்பினார், மற்றவர் 30, இருவருக்கும் பொதுவானவை 10. இருவரும் விரும்பியவை மொத்தம் 60. ஆக, ஒற்றுமை ஆறில் ஒரு பங்கு. பிறர் சுவையைக் கொண்டு ஒருவரது சுவையை ஊகிக்கும் இத்தகைய முறை புதிதன்று. 1994-இல் 'குரூப்லென்ஸ்' என்ற அமைப்பு கணினிவழிச் செய்திகளை வாசகருக்குத் தேர்ந்து தர இதனைக் கையாண்டது. கணக்கிலே குற்றமில்லை, கணக்கை அப்படியே நம்புவதிலேதான் குற்றம். ஊரார் அனைவரும் விரும்பும் பெயரை இருவர் விரும்பினால், அது சுவை ஒற்றுமையா, சந்தை இரைச்சலா? நூற்றில் ஒருவர் விரும்பும் 'இளவெயினி'யை இருவரும் விரும்பினாலன்றோ அது ஒற்றுமை! அரிய பெயருக்குக் கூடுதல் மதிப்பெண் தராத கணக்கு, கூட்டம் போன வழியிலேயே எல்லோரையும் ஓட்டிச்செல்லும். தெருவுக்கு நான்கு குழந்தைகள், நால்வருக்கும் ஒரே ஓசை, பொருள் கேட்டால் பெற்றோருக்கே தெரியாது என்ற நிலைக்கு அது துணைபோகும்.

சுவை தானாக முளைப்பதில்லை, தோழர்களே! 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் சில தலைமுறைகளிலேயே ஆங்கிலேயரின் பழம்பெயர்கள் பல மறைய, வில்லியமும் இராபர்ட்டும் வீடுதோறும் புகுந்தனர். ஆள்பவன் பெயர் அழகாகத் தோன்றிற்று! நம் தெருக்களில் 'ஷ்' என்றும் 'ஜ்' என்றும் ஒலித்தாலே நாகரிகம் என்ற மயக்கமும் அவ்வகையே.

அதற்காகத் தமிழல்லாப் பெயரைத் தடை செய்வதா? கூடாது! 1984-85 குளிர்காலத்தில் பல்கேரிய அரசு, அங்கு வாழ்ந்த துருக்கிய மக்களின் பெயர்களை வன்முறையால் மாற்றியது. பெயரைப் பறிகொடுத்த மக்கள் 1989-இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோராய் நாட்டை விட்டே வெளியேறினர். காவலன் தரும் பெயர் விலங்கு. கருத்து தரும் பெயரே விடுதலை. செங்கற்பட்டு மாநாடு பட்டத்தை விடச் சொன்னது, தடியெடுத்துப் பறிக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது ஆட்டத்தின் ஒழிப்பை அல்ல, திருத்தத்தை. மதக் கேள்வியை நீக்குக. எல்லாப் பெயரும் எல்லார்க்கும் வருக. நட்சத்திரக் கேள்வியைக் கிழித்தெறிக. ஒவ்வொரு சீட்டிலும் பெயரின் பொருளும் மொழியும் அச்சிடுக. அரிய பெயரை இருவர் விரும்பினால் அதற்கு மிகுந்த மதிப்புத் தருக. இவற்றை எழுதும் பொறியியல் அறிவு நம் இளைஞரிடம் இல்லையா? அயலார் பட்டியலுக்குக் காத்திராமல் அவர்களே ஒன்றை ஆக்கலாமே!

அதுவரை, ஆடும் தம்பதியருக்கு ஒரு வேண்டுகோள். "பொருந்திற்று" என்று பொறி சொன்னவுடன் நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பெயரின் பொருள் என்ன, இதை நாளை நம் மகள் தலைநிமிர்ந்து சொல்வாளா, இது எவரையேனும் தாழ்த்துகிறதா என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். அந்த உரையாடலிலே இருவர் கருத்தும் இணையுமானால், அதுவே பஞ்சாங்கம் அறியாத பதினோராம் பொருத்தம்.