ஆட்டோ ஐஎஸ்ஓ-வை எப்போது நம்பலாம்? நிக்கான் டி750-ல் ஒரு சோதனை

நிக்கான் டி750 சந்தைக்கு வந்தது 2014-ல். 2020-ல் அதன் இடத்துக்கு டி780 வந்துவிட்டது. ஆனாலும் செகண்ட் ஹேண்டில் ஃபுல் ஃப்ரேம் கேமரா தேடுபவர்களுக்கு டி750 இன்னமும் நல்ல தேர்வுதான். 24.3 மெகாபிக்சல், ஐஎஸ்ஓ 100 முதல் 12800 வரை, அவசியமானால் 51200 வரை நீட்டிக்கலாம். இந்த கேமராவின் எல்லா அம்சங்களையும் இங்கே அலசப்போவதில்லை. மெனுவுக்குள் இருக்கும் ஒரே ஒரு வசதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஆட்டோ ஐஎஸ்ஓ.

கல்யாண மண்டபத்திலும் வேடந்தாங்கல் ஏரிக்கரையிலும் பயன்படுத்திப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான். நாம் படமெடுக்கும் ஆள் மீதோ பறவை மீதோ விழும் வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தால் ஆட்டோ ஐஎஸ்ஓ பெரிய துணை. அந்த வெளிச்சம் மாறாமல் பின்னணி மட்டும் மாறினால், அதே வசதி படத்தைக் கெடுத்துவிடும்.

ஐஎஸ்ஓ கூடும்போது என்ன நடக்கிறது?

ஐஎஸ்ஓ-வைக் கூட்டினால் சென்சாருக்கு அதிக வெளிச்சம் வந்துவிடாது. சென்சாரில் விழும் வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை அபெர்ச்சரும் ஷட்டர் வேகமும்தான். கிடைத்த சிக்னலைப் பெருக்கிக் காட்டுவது ஐஎஸ்ஓ. மெல்லிய குரலில் பேசுபவரின் மைக்கில் வால்யூமை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறுவதைப் போல, படத்திலும் நாய்ஸ் சேர்ந்தே வரும். 100-லிருந்து 200, 200-லிருந்து 400 என்று ஒவ்வொரு மடங்கும் ஒரு ஸ்டாப்.

ஃபிலிம் காலத்தில் ஒரு ரோல் போட்டால் 36 படங்களுக்கும் ஒரே ஐஎஸ்ஓ. டிஜிட்டலில் ஒவ்வொரு படத்துக்கும் அதை மாற்றலாம். அந்த வேலையைக் கேமராவிடமே விடுவதுதான் ஆட்டோ ஐஎஸ்ஓ. ஆனால் எதுவரை போகலாம் என்று எல்லை போட்டுக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

இரண்டு எல்லைகள்

டி750-ன் ஷூட்டிங் மெனுவில் ஐஎஸ்ஓ பகுதிக்குள் போனால் இரண்டு அமைப்புகள் இருக்கும். ஒன்று, உச்ச ஐஎஸ்ஓ. இன்னொன்று, குறைந்தபட்ச ஷட்டர் வேகம். பி, ஏ மோடுகளில் ஷட்டர் அந்த வேகத்தைவிடக் குறையும் நிலை வரும்போதுதான் கேமரா ஐஎஸ்ஓ-வை ஏற்றத் தொடங்கும்.

உச்ச வரம்பை நான் 6400-ல் வைத்திருக்கிறேன். 3200 வரை படம் சுத்தமாகவே இருக்கிறது. 6400-ல் அரக்கு நிறப் பட்டுப்புடவையின் மடிப்பு நிழல்களில் நாய்ஸ் தெரியத் தொடங்குகிறது. ஆல்பம் அளவுக்குப் பிரின்ட் போட்டால் உறுத்தாது. 12800-ல் முக நிறம் மங்கி, ஜரிகையின் நுண்ணிய வேலைப்பாடு குழம்பிவிடுகிறது.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ உச்ச வரம்பைத் தொட்ட பிறகும் வெளிச்சம் போதாவிட்டால், நாம் குறித்துக் கொடுத்த ஷட்டர் வேகத்தைக் கேமரா விட்டுக்கொடுத்துவிடும். 1/160 என்று வைத்திருந்தாலும் 1/60-க்கோ 1/30-க்கோ இறங்கும். நாய்ஸுக்குப் பயந்து உச்ச வரம்பை 1600-ல் நிறுத்தினால் கிடைப்பது சுத்தமான, ஆனால் கலங்கிய படம். நாய்ஸை மென்பொருளில் குறைக்கலாம். கை அசைந்து கலங்கிய முகத்தை மீட்க வழியில்லை. அதனால் வரம்பைத் தாராளமாகவே வையுங்கள்.

குறைந்தபட்ச ஷட்டரில் 'ஆட்டோ' என்றொரு தேர்வும் இருக்கிறது. லென்ஸின் ஃபோகல் லெங்த்தைப் பார்த்து அதுவே வேகத்தை முடிவு செய்யும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் ஏறக்குறைய 1/50, 200 மி.மீ. என்றால் 1/200. இதை வேகமான பக்கம் இரண்டு படி, மெதுவான பக்கம் இரண்டு படி நகர்த்தலாம். ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் இந்தக் கணக்கு நம் கை நடுக்கத்துக்கானது. எதிரே இருப்பவர் அசைகிறாரா என்பது அதற்குத் தெரியாது.

மண்டபத்தில்

கல்யாண மண்டபத்தைப் போல வெளிச்சம் தாறுமாறாக மாறும் இடம் குறைவு. காசி யாத்திரைக்கு மாப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கு வரும்போது காலை வெயில். அடுத்த சில நிமிடங்களில் எல்லோரும் மேடைக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கே வீடியோகிராபர் தன் லைட்டை எப்போது போடுவார், எப்போது அணைப்பார் என்று நமக்குத் தெரியாது.

24-70 மி.மீ. லென்ஸ், ஏ மோட், எஃப்/2.8. வாசலில் ஐஎஸ்ஓ 100. ஷட்டர் 1/3200-ஐ ஒட்டி நிற்கும். மேடைக்கு வந்ததும் ஐஎஸ்ஓ 2500-க்கு ஏறும். வீடியோ லைட் எரிந்தால் 800-க்கு இறங்கும். நான் எந்த டயலையும் தொடவில்லை. கண் முழுக்க மணமக்கள் மேல்தான். வியூஃபைண்டரின் கீழ்வரிசையில் ஆட்டோ ஐஎஸ்ஓ குறி விட்டுவிட்டு ஒளிர்ந்தால், நாம் வைத்த ஐஎஸ்ஓ-வைக் கேமரா மாற்றியிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்திலேயே புதிய எண்ணும் தெரியும். ஓரக்கண்ணால் பார்த்தாலே போதும்.

ஷட்டர் வரம்பை மட்டும் இங்கே 'ஆட்டோ'வில் விடக் கூடாது. 24 மி.மீ.-ல் அது 1/25 வரை இறங்கச் சம்மதிக்கும். தாலி கட்டும் நேரத்தில் நாலாபுறமிருந்தும் அட்சதை பறக்கும். பெரியவர்கள் கை தூக்கி ஆசீர்வதிப்பார்கள். 1/25-ல் அந்தக் கைகளெல்லாம் புகையாகிவிடும். 1/160 என்று நானே குறித்துவிடுகிறேன்.

பந்திக்கு வேறு கணக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மின்னும். ஷட்டர் அதைவிட வேகமாகப் போனால் படத்துக்குப் படம் வெளிச்சமும் நிறமும் மாறும். சில படங்களில் பட்டை விழும். எம் மோடுக்கு மாறி 1/100-ல் ஷட்டரை நிறுத்தி, ஐஎஸ்ஓ-வை மட்டும் ஆட்டோவில் விட்டேன். இலை போட்டதிலிருந்து பாயசம் வரை நிறம் ஒரே சீராக வந்தது.

ஏரிக்கரையில்

வேடந்தாங்கலில் 200-500 மி.மீ. லென்ஸ். எம் மோட், 1/1600, எஃப்/6.3, ஐஎஸ்ஓ ஆட்டோ. விடிந்ததும் மங்கல் வெளிச்சத்தில் 6400-ல் தொடங்கி, வெயில் ஏற ஏற 400-க்கு வந்தது. சிறகின் அசைவை நிறுத்தும் ஷட்டர் வேகத்தையும் நான் விரும்பிய அபெர்ச்சரையும் கேமரா தொடவே இல்லை. பறவைப் படம் எடுப்பவர்கள் பலர் எம் மோடையும் ஆட்டோ ஐஎஸ்ஓ-வையும் சேர்த்தே பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான்.

வெயில் நிலைத்த பிறகுதான் சிக்கல். நத்தைகுத்தி நாரை ஒன்று மரக்கூட்டத்திலிருந்து கிளம்பி வானத்துக்கு ஏறுகிறது. அதன் மேல் விழும் வெயில் அதேதான். ஆனால் பின்னால் அடர்ந்த மரம் இருந்தபோது கேமரா காட்சியை இருட்டு என்று எடுத்துக்கொண்டு ஐஎஸ்ஓ-வை ஏற்றியது; வெள்ளை இறகு வெளிறி விவரமே இல்லாமல் போனது. வெளிர் வானம் பின்னணியாக வந்ததும் ஐஎஸ்ஓ-வை இறக்கியது, பறவை கறுத்துவிட்டது. ஒரே பறவை, ஒரே வெயில், இரண்டும் தவறான எக்ஸ்போஷர்.

எம் மோடிலும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பட்டனால் ஆட்டோ ஐஎஸ்ஓ-வைத் திருத்தலாம் என்பது டி750-ன் பலம். வானத்துக்கு எதிரே +1, இருண்ட மரத்துக்கு எதிரே −1 என்று வைக்கலாம். ஆனால் பறக்கும் பறவை அதற்கெல்லாம் காத்திருக்காது. கேமராவின் பின்பக்கம் இடது ஓரத்தில் உள்ள ஐஎஸ்ஓ பட்டனை அழுத்தியபடி முன் டயலைத் திருப்பினால் ஆட்டோ அணைந்துவிடும். பின் டயலில் ஐஎஸ்ஓ-வை நிறுத்திக்கொள்ளலாம். வெயில் நிலையாக இருக்கும்வரை பின்னணி எப்படி மாறினாலும் இறகின் வெண்மை மாறாது. மேகம் வந்து வந்து போனால் மறுபடி ஆட்டோ. கண்ணை எடுக்காமலே இதைச் செய்ய முடிவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அணைக்க வேண்டிய இடங்கள்

டிரைபாடில் வைத்து இயற்கைக் காட்சி எடுக்கும்போது அணைத்துவிடுங்கள். ஷட்டர் எத்தனை நொடி திறந்திருந்தாலும் கவலையில்லாத இடத்தில் ஐஎஸ்ஓ-வை ஏற்றுவது வீண். பல படங்களை ஒட்டிப் பனோரமா செய்யும்போதும் வேண்டாம். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வரும். ரேடியோ டிரிகர் வைத்து ஸ்டுடியோ ஃபிளாஷ் அடிப்பவர்கள் கட்டாயம் அணைக்க வேண்டும். ஃபிளாஷ் வரப்போவது கேமராவுக்குத் தெரியாது. அறையின் இருட்டைப் பார்த்து ஐஎஸ்ஓ-வை ஏற்றிவிடும், படம் வெளுத்துவிடும்.

மற்ற கேமராக்களில்

ஷட்டரும் அபெர்ச்சரும் நம்முடையது, ஐஎஸ்ஓ கேமராவுடையது என்ற ஏற்பாட்டுக்குத் தனி மோடே கொடுத்தது பென்டாக்ஸ்; 2006-ல் கே10டி-யில் வந்த டிஏவி மோட் அது. சோனி ஏ7 3-ல் குறைந்தபட்ச ஷட்டருக்கு ஐந்து படிகள் உண்டு. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி30 மூன்று வெவ்வேறு ஆட்டோ ஐஎஸ்ஓ அமைப்புகளைச் சேமித்து வைக்க விடுகிறது. கேனான் 5டி மார்க் 3-ல் எம் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ இருந்தும் காம்பன்சேஷன் கிடையாது. பழைய கேமரா வாங்குபவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

என் பரிந்துரை

டி750-ன் மோட் டயலில் உள்ள யு1, யு2 இடங்களில் இப்படிச் சேமித்துக்கொள்ளுங்கள்:

யு1, விசேஷங்களுக்கு: ஏ மோட், குறைந்தபட்ச ஷட்டர் 1/160, உச்ச ஐஎஸ்ஓ 6400.

யு2, பறவைகளுக்கு: எம் மோட், 1/1600, எஃப்/6.3, உச்ச ஐஎஸ்ஓ 6400.

கல்யாண வேலை செய்பவர்கள் ஆட்டோ ஐஎஸ்ஓ-வை நாள் முழுவதும் போட்டு வைக்கலாம். அதனால் மிச்சமாகும் கவனம் முழுவதும் முகங்களுக்குப் போகும். பறவைப் படக்காரர்கள் பட்டனில் ஒரு விரலை வைத்தபடி பயன்படுத்த வேண்டும். இயற்கைக் காட்சிக்காரர்களுக்கு இது தேவையே இல்லை. யாராக இருந்தாலும், இரண்டு எல்லைகளையும் உங்கள் கையாலேயே குறித்த பிறகு ஆட்டோவைப் போடுங்கள்.