தெருவில் தூவும் உப்பு

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், பனி இறுகிக் கண்ணாடிபோல் வாசற்படியை மூடிக் கிடந்த ஒரு காலை வேளையில், கைப்பிடி உப்பைத் தூவிவிட்டு நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் உப்புக்கல்லையும் சுற்றி நீர் கசிந்து ஒரு சிறு குழி உண்டாயிற்று. கல் அக்குழிக்குள் மெல்ல இறங்கிக் கீழேயிருந்த சீமெந்தைத் தொட்டதும், அங்கிருந்து நீர் பக்கவாட்டில் பரவிப் பனியின் பிடிப்பைத் தளர்த்தியது. சற்றுப் பொறுத்து மண்வெட்டியை வைத்துத் தள்ளியபோது, தகடு தகடாகப் பெயர்ந்து வந்தது பனி. ஆனையிறவு உப்பளத்து உப்பைக் கறிக்கும் கருவாட்டுக்கும் அளந்து போட்டுப் பழகிய நம்மவர்க்கு, அதே வஸ்துவை லொறி லொறியாகத் தெருவில் இறைக்கும் இவ்வூர் வழக்கம் முதற் குளிர்காலத்தில் விசித்திரமாகவே தோன்றும். ரொறன்ரோ மாநகரம் ஆண்டொன்றுக்கு இறைக்கும் உப்பு ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்டது. இந்த வழக்கத்தின் குணமும் தோஷமும் உப்பின் ஒரே இயல்பிலிருந்து பிறந்தவை என்பது என் துணிபு.

இலங்கைப் பாடநூல்கள் அயன் சேர்வை என்றும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அயனிச் சேர்மம் என்றும் வழங்கும் இனத்துக்குச் சோடியம் குளோரைட்டே முதல் உதாரணம். சோடியம் ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்து நேர்மின்னேற்றமும், குளோரின் அதை வாங்கி எதிர்மின்னேற்றமும் அடைய, இரண்டும் மின்கவர்ச்சியால் அடுக்கடுக்காக நிற்கின்றன. சர்க்கரையிலோ அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு, மூலக்கூறு என்னும் தனிக் குடும்பமாக வாழ்கின்றன; இப்படிப் பங்கிட்டு அமைபவை பங்கீட்டுவலுச் சேர்வைகள். கொசெலும் லூயிஸும் 1916-ஆம் ஆண்டிலே தனித்தனியே விளக்கிய இந்தப் பேதம், நீரில் கரையும்போதுதான் பிரத்தியட்சமாகிறது. உப்பு கரைந்தால் அயன்கள் பிரிந்து ஒன்று இரண்டாகும்; சர்க்கரை கரைந்தாலும் மூலக்கூறு உடைவதில்லை. உறைநிலையைத் தாழ்த்துவது கரைந்த துகள்களின் எண்ணிக்கையே ஆதலால், ஒரு கிலோகிராம் நீரில் 58.5 கிராம் உப்பு ஏறக்குறைய 3.4 பாகை தாழ்த்தும் வேளையில், 342 கிராம் சர்க்கரை ஏறக்குறைய 2 பாகையே தாழ்த்துகிறது. எடையிலே ஆறில் ஒரு பங்கு, பயனிலே ஒன்றரை மடங்குக்கு மேல் என்றால், மலிவும் கருதும் நகரசபை எதைத் தேர்ந்தெடுக்கும்? ஹூரன் ஏரியின் கரையில், கொடரிச் என்னும் ஊரில், 1866-இல் எண்ணெய் தேடித் துளையிட்டபோது அகப்பட்ட உப்புப் படுகை, இன்று உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கமாக நிற்பதால், பொருளுக்குப் பஞ்சமில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை அறிந்த எவரும் இவ்வுதவியைச் சிறிதென்று சொல்லார்.

ஆயினும், உருகிய பனியோடு உப்பு மறைந்துவிடுவதில்லை. எட்டு எலெக்ட்ரான்களால் வெளிக்கூடு நிறைந்த குளோரைட்டு அயனுக்கு இனிப் பெற வேண்டியதும் இல்லை, இழக்க வேண்டியதும் இல்லை. அதை உண்டு ஜீரணிக்கும் நுண்ணுயிர் இல்லை. மண் அதைப் பிடித்துவைப்பதில்லை. சாக்கடைச் சுத்திகரிப்பும் அதை நீக்குவதில்லை. தெருவிலிருந்து ஹைலண்ட் ஓடைக்கும் டொன் ஆற்றுக்கும், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் அது அப்படியே செல்கிறது. நன்னீர் உயிர்கள் நெடுங்காலம் தாங்கத்தக்க குளோரைட்டின் அளவு லிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று கனடாவின் வழிகாட்டி 2011-இல் வகுத்தது. நகரத்து ஓடைகள் குளிர்காலத்தில் அவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றன. தெருவுப்பு சூழலுக்கு நஞ்சு என்று மத்திய அரசின் மதிப்பீடே 2001-இல் முடிவுகட்டியது. இரும்புக்கு நேரும் தீங்கு இன்னும் கொடியது. கொங்கிரீட்டினுள் புகும் குளோரைட்டு, உள்ளே கம்பியைக் காத்துநிற்கும் மெல்லிய படலத்தைக் குலைக்கிறது. எலியட் லேக் நகரில் கூரைமேல் வாகனத் தரிப்பிடம் கொண்டிருந்த அங்காடி ஒன்றில், ஆண்டுக்கணக்காக உப்புநீர் கசிந்து உருக்கிணைப்பு அரித்துப்போனதால், 2012 ஜூன் 23-ஆம் நாள் கூரையின் ஒரு பகுதி இடிந்து இரு பெண்கள் மாண்டார்கள்.

அப்படியானால் பங்கீட்டுவலுச் சேர்வைகளை நாடலாமே என்று தோன்றும். கடுங்குளிர் நாட்களில் இந்நகரமே பீட் கிழங்குச் சாறு கலந்த உப்புநீரைத் தெளிப்பதுண்டு. சாறு உப்பைத் தெருவோடு ஒட்டிவைத்துக் குளிரிலும் வேலைசெய்ய உதவுகிறது. குளோரைட்டு உலோகத்தை அரிக்கும் என்ற காரணத்தால், பியர்சன் விமான நிலையத்தில் விமானங்களின் மேல் தெளிப்பது கிளைக்கால் என்னும் பங்கீட்டுவலுச் சேர்வையே. சாற்றிலுள்ள சர்க்கரையையும் கிளைக்காலையும் நுண்ணுயிர்கள் பிணைப்புப் பிணைப்பாகப் பிரித்து உண்டுவிடும். ஆனால் உண்ணும்போது நீரில் கரைந்த ஒக்சிசனையும் செலவழிப்பதால் மீன்கள் மூச்சுத் திணறும். அதனாலேயே அந்நிலையத்தில் வழிந்தோடும் திரவத்தைச் சேகரித்து மீட்கிறார்கள். நகரத்துத் தெருக்கள் அனைத்துக்கும் அவ்வேற்பாடு சாத்தியமல்ல. மணலோவென்றால் அதுவும் பங்கீட்டுவலுச் சேர்வைதான். பங்கீட்டுவலுச் சேர்வைகள் தாழ்ந்த வெப்பத்தில் உருகும் என்று பள்ளியில் மனனம் செய்த பட்டியலை, ஆயிரத்தெழுநூறு பாகைக்கருகில் உருகும் மணல் பொய்யாக்குவதைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்ட வேண்டும். மணல் கரையாது, பனியை உருக்காது. காலுக்குப் பிடிப்பு மட்டும் தரும்.

ஆகவே உப்பை அறவே விலக்குவது நடவாத காரியம். விலக்கச் சொல்வது நியாயமும் அல்ல. கண்டிக்கத்தக்கது மிகையே. வழுக்கி விழுந்தவர் வழக்குத் தொடுப்பாரோ என்னும் அச்சத்தால், அங்காடித் தரிப்பிடங்களில் குவியல் குவியலாகக் கொட்டுகிறார்கள். மார்ச் மாதத்தில் பனி முற்றும் மறைந்த பின்னும் அக்குவியல்கள் மழைக்குக் காத்துக் கிடக்கின்றன. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகையைத் தாண்டினால் உப்பின் வேகம் மிகவும் தளர்ந்துவிடும். 21 பாகைக்கும் கீழே எவ்வளவு கொட்டினாலும் பிரயோஜனமில்லை. அந்நாட்களில் மணலைத் தூவுங்கள். மற்ற நாட்களில் முதலில் மண்வெட்டியால் பனியை வழித்துத் தள்ளுங்கள். பின்பு காப்பிக் கோப்பை ஒன்றில் உப்பை அளந்தெடுத்துத் தூவுங்கள். நடைபாதைச் சதுரங்கள் பத்துக்கு அந்த ஒரு கோப்பை போதும்.