காஞ்சியிலிருந்து வந்த கதை

எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூலைத் தொடாமல் இங்கு எவரும் சமூக ஆய்வு செய்வதில்லை. அதன் நான்காம் தொகுதியில், ஏற்காட்டையும் சேர்வராயன் மலைகளையும் வாழ்விடமாகக் கொண்ட மலையாளிப் பழங்குடியினர் பற்றிய கட்டுரை உள்ளது. (கேரள மக்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது; இவர்கள் தமிழ் பேசுவோர்.) மரபுவழிச் செய்தியின்படி இவர்கள் காஞ்சிபுரத்து வேளாளர், ஏறத்தாழப் பத்துத் தலைமுறைகளுக்கு முன், தென்னகத்தில் முஸ்லிம் ஆட்சி ஓங்கியிருந்த காலத்தில் மலையேறியவர்கள் என்கிறது அக்கட்டுரை. சகோதரர் மூவரில் மூத்தவர் சேர்வராயனுக்கும், அடுத்தவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் சென்றனராம்.

அடுத்த சில வரிகளிலேயே மற்றொரு கதை வருகிறது. காஞ்சியில் இருப்புக் கொள்ளாத கரிராமன் என்னும் தெய்வம் வேறிடம் தேடிப் புறப்பட, அடியார் மூவர் குடும்பத்தோடு பின்தொடர்ந்தனர் என்பது அது. இக்கதையில் முஸ்லிம்கள் இல்லை.

இரண்டும் அருகருகே அச்சாகியிருந்தும், பின்னர் எழுதியோர் பலர் கையில் நிலைத்தது முதற்கதையே. அதுவும் உருமாறிவிட்டது. தர்ஸ்டனிடம் 'ஆட்சி ஓங்கியிருந்த காலம்' என்பது காலக்குறிப்பு மட்டுமே. அது 'படையெடுப்புக்கு அஞ்சி ஓடினர்' என்று காரணமாகிவிட்டது.

ஹதீஸ் கலை பயின்ற நம் முன்னோர் ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் இஸ்னாதைக் கேட்டனர். பின்னர் மத்னை ஆராய்ந்தனர். இங்கே 'மரபு' என்ற ஒரே சொல்லில் இஸ்னாது முடிந்துவிடுகிறது. மத்னும் தெளிவாக இல்லை. எந்த ஆட்சி? மாலிக் கபூர் தெற்கே வந்தது 1311இல். கோல்கொண்டாவின் அதிகாரம் காஞ்சி வட்டாரத்தை எட்டியது பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். இடையே மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்று கணக்கிட்டால் பிந்தியதே பொருந்தும். போர்க்காலத்தில் குடிகள் மலையேறுவது நடவாத செயலன்று. அதை மறுக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. சான்றின்றி அதை வரலாறாக எழுதியதே குறை.

அக்கட்டுரை மலையாளிகளுக்கும் நீதி செய்யவில்லை. அவர்கள் தொன்மையான மலைக்குடியினர் அல்லர், கம்பளி போர்த்திய சமவெளித் தமிழரே என்ற ஒருவரின் பரிகாசத்தைத் தர்ஸ்டன் ரசித்து எடுத்தாள்கிறார். இன்று அவர்கள் பட்டியல் பழங்குடியினர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு, பழங்குடியினர் 1.1 விழுக்காடு. இவ்விரு சிறுபான்மையினரையும் ஒரே பத்தியில் வைத்து, ஒருவரைப் போலி மலைவாசியாகவும் மற்றவரை வெறும் பின்னணியாகவும் ஆக்கியது அந்த எழுத்து.

2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை கல்வி, வேலை, வங்கிக்கடன் ஆகியவற்றில் நம் நிலையை அளந்து காட்டியது; பெரும்பணி அது. ஆனால் அண்டை வீட்டார் நம்மைப் பற்றித் தம் பிள்ளைகளுக்கு என்ன கதை சொல்கிறார் என்பது அத்தகைய அட்டவணைகளில் அகப்படாது. சமநிலையில், பொதுநோக்கோடு பழகும்போதுதான் தப்பெண்ணம் தளரும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார். அவ்வாறாயின் ஏற்காட்டில் ஆராய வேண்டியவை சந்தையும் காப்பித் தோட்டமும்: அங்கே யார் யாரிடம் கடன் வாங்குகிறார், விலையை யார் வைக்கிறார், யார் யாரை என்ன முறை சொல்லி அழைக்கிறார் என்பவை.

நம்மவரும் இதை எழுதவில்லை. மலையாளிகளைப் பற்றி ஒரு முஸ்லிம் ஆய்வாளர் எழுதிய நூலை நான் இதுவரை கண்டதில்லை. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் விழாவுக்குச் சிற்றூர்களிலிருந்து முதியோர் திரளுகின்றனர். கரிராமன் காஞ்சியை விட்டது ஏன் என்று அவர்களிடமே கேட்கலாம்.