கண் அழுத்தமானி காட்டும் எண் மெய்தானா?

எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் 1905-ஆம் ஆண்டில் ஓலோமூட்ஸ் நகரில் ஒருவரின் கருவிழிப்படலத்தை முதன்முதலாக வெற்றியுடன் மாற்றினார். கண் தானம் பற்றிய கட்டுரைகள் பலவும் இச்செய்தியில் தொடங்கி, கட்டவிழ்த்ததும் நோயாளி பார்வை பெற்றார் என்பதோடு முடிந்துவிடுகின்றன. பின்னர் வரக்கூடிய கண் நீர் அழுத்த நோயைப் பற்றிப் பேச்சே இல்லை. பொருத்திய படலத்தை உடல் ஒதுக்கிவிடாதிருக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்து மாதக்கணக்கில் வேண்டும். அம்மருந்தே சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தத்தை உயர்த்திவிடுகிறது. படலம் கெட்டால் வேறொன்று பொருத்தலாம்; பார்வை நரம்பு கெட்டால் மாற்று இல்லை.

ஆகவே அழுத்தத்தை அடிக்கடி அளந்தாக வேண்டும். எப்படி அளப்பது? இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஸ்விட்சர்லாந்தின் ஹான்ஸ் கோல்ட்மன் 1950-களில் அமைத்த அழுத்தமானி, படலத்தின்மேல் 3.06 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்கத் தேவையான விசையை அளக்கிறது. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். 1 கிராம் எடை 10 மி.மீ. பாதரச அழுத்தத்தைக் குறிக்கும். நீங்களே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். அதென்ன 3.06? படலத்தின் விறைப்பு கருவியின் முனையை வெளியே தள்ளுகிறது. கண்ணீரின் பரப்பு இழுவிசை உள்ளே இழுக்கிறது. ஏறத்தாழ இந்த விட்டத்தில் இரண்டும் ஈடாகிவிடுகின்றன. அழகான யோசனை!

ஆனால் அந்த ஈடு, சுமார் அரை மில்லிமீட்டர் தடிப்பும் சீரான வளைவும் உள்ள இயல்பான படலத்திற்கே பொருந்தும். மாற்றிப் பொருத்திய படலம் நீர் கோத்து ஊறியிருந்தால் கருவி குறைத்துக் காட்டும். தழும்பேறித் தடித்திருந்தால் கூட்டிக் காட்டும். தையலால் வளைவு கோணினால் வட்டம் நீள்வட்டமாகும். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து சராசரி எடுப்பது இக்கோணலுக்கு மட்டுமே பரிகாரம். உள்ளே 30 இருக்க, கருவி 20 என்று காட்டினால் நோயாளிக்கு மருந்து கிடைக்காமலே போகும்.

குறை கோல்ட்மனுடையதன்று, தடிப்பு மாறினால் அளவு பிழைபடும் என்பதை அவரே அறிந்திருந்தார். இம்பர்ட்–ஃபிக் 'விதி' என்று, ஏதோ நியூட்டன் விதியைப்போல், நிபந்தனைகளை விட்டுவிட்டு அச்சிடும் நூல்களையே குறைகூற வேண்டும். மிக மெல்லிய, வறண்ட, சிறிதும் விறைப்பில்லாத உறை ஒன்றுக்குத்தான் அது சரி. அத்தகைய கண் எவருக்கும் இல்லை.

மிகச் சிறிய பரப்பையே தொடும் டோனோ-பென், காற்றால் இயங்கும் அழுத்தமானி ஆகியவை இத்தகைய கண்களில் கூடுதலாகப் பயன்படுகின்றன. இரு கருவிகள் இருவேறு எண்களைக் காட்டும்போது, பார்வை நரம்பின் தோற்றத்தையும் பார்வைப் புலத்தையும் சோதித்தே மருத்துவர் முடிவு செய்கிறார்.